உடற்குறையுள்ளோர் விளையாட்டு அமைப்பில் அனைத்துலக ஊடகப் பொறுப்பு: ஏற்கலாமா, எப்படித் தொடங்குவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் வங்கிகளுக்கும் காப்புறுதி நிறுவனங்களுக்கும் மக்கள் தொடர்பு வேலை பார்த்துவரும் ஒரு பெண்ணுக்கு, உடற்குறையுள்ளோர் விளையாட்டுக்கான லாபநோக்கற்ற அமைப்பு ஒன்றிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. அனைத்துலக ஊடகத் தொடர்புக்குத் தலைமைப் பொறுப்பு. “வெளிநாட்டு ஊடகங்கள் எங்களை எதற்குக் கவனிக்கப் போகின்றன? எங்கிருந்து தொடங்குவது? எதில் மாட்டிக்கொள்வேன்? சம்பளம் குறையும், போகலாமா?” என்று கேட்கிறார்.

போகலாம். சம்பளத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு வருவோம். சிங்கப்பூர் ஒலிம்பிக்கில் வென்ற தங்கம் இதுவரை ஒன்றுதான். 2016 ரியோவில் ஜோசஃப் ஸ்கூலிங் நீந்தி வென்றது. பாராலிம்பிக்கில் வென்ற தங்கம் ஏழு. ஏழையும் வென்றவர் ஒரே பெண், யிப் பின் சியூ. 2008 பெய்ஜிங்கில் ஒன்று. ரியோ, டோக்கியோ, பாரிஸ் மூன்றிலும் இரண்டிரண்டு. இதை எந்த ஊர் விளையாட்டு ஆசிரியரிடம் சொன்னாலும் நிமிர்ந்து உட்காருவார். இதில் சக்கர நாற்காலி வரவில்லை, நோயின் பெயர் வரவில்லை, ‘விதியை வென்ற வீராங்கனை’யும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் வேலையில் முக்கால் பங்கு இதுதான். விளையாட்டை விளையாட்டாக எழுதத் தேவையான சரக்கை நிருபர் கையில் நேரத்தோடு கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் அவர் கண்ணீர்க் கதைதான் எழுதுவார். கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது. ஒரு மணி நேரத்தில் கட்டுரையை அனுப்ப வேண்டும், விதிகள் தெரியாது, வாழ்க்கைக் கதை மட்டும்தான் சட்டென்று புரிகிறது. அவ்வளவுதான்.

நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. சேலம் மாவட்டத்துக்காரர் மாரியப்பன் தங்கவேலு ரியோவில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். அவருடைய அம்மா காய்கறி விற்றது நம்மில் பலருக்குத் தெரியும். சின்ன வயதில் பேருந்து ஏறிக் கால் நசுங்கியதும் தெரியும். அவர் தாண்டிய உயரம் 1.89 மீட்டர் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அப்புறம் டோக்கியோவில் வெள்ளி, பாரிசில் வெண்கலம் என்று அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கிவிட்டார். டோக்கியோவில் போட்டியின்போது மழை. பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த காலுறை நனைந்து இடைஞ்சல் செய்தது என்று அவரே சொன்னார். செய்தியில் உடற்குறையைச் சொல்லலாமா கூடாதா என்று தயங்குபவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இந்தக் காலுறைதான். ஆட்டத்தைத் தொடுகிற இடத்தில் உடற்குறை தாராளமாக வரட்டும். அங்கே அது விளையாட்டுச் செய்தி.

ஸ்டெல்லா யங் என்ற ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர், தாமே சக்கர நாற்காலியில் இயங்கியவர், 2014-இல் காலமானார். உடற்குறையுள்ள ஒருவர் சாதாரணமாக வாழ்வதைக்கூட மற்றவர்கள் ஊக்கம் பெறுவதற்கான காட்சிப்பொருளாக்கும் பழக்கத்தை அவர் சாடிய அளவுக்கு யாரும் சாடவில்லை. வேலையில் சேருமுன் அவருடைய உரையைத் தேடிக் கேளுங்கள். மேற்கத்திய ஊடகங்களில் நல்ல விளையாட்டு நிருபர்கள் பலர் அந்த விமர்சனத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள். நீங்கள் உருக்கமாக ஒரு செய்திக்குறிப்பு அனுப்பினால் அவர்களே ஒதுக்கிவிடுவார்கள்.

ஆனால் உங்களுக்குப் பெரிய சண்டை நிருபரோடு வராது. பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் நிதி திரட்டும் பிரிவோடுதான் வரும். வங்கி உலகத்திலிருந்து வருபவர்களுக்கு இது புதிது. கண்ணீர்க் கதைக்கு நன்கொடை வருகிறது என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை. அந்தப் பணத்தில்தான் பயிற்றுநர் சம்பளமும் போட்டி நாற்காலியும் விமான டிக்கெட்டும், உங்கள் சம்பளமும் கூட. அதனால் அவர்களை எதிரியாக்கிக்கொள்ளாதீர்கள். அதேசமயம் நன்கொடையாளருக்கு அனுப்பும் கடிதமும் வெளிநாட்டு நிருபருக்குப் போகும் குறிப்பும் தனித்தனி என்று நினைத்தும் இருந்துவிடாதீர்கள். இரண்டும் இணையத்தில் கிடக்கின்றன. நீங்கள் ஒரு வீராங்கனையின் நேரத்தையும் தரவரிசையையும் கவனமாகத் தொகுத்து அனுப்புவீர்கள். நிருபர் பெயரைத் தேடுவார். ‘நடக்க முடியாது என்று மருத்துவர்கள் கைவிட்ட குழந்தை’ என்று போன வருட நன்கொடைக் கடிதம் முதலில் வந்து நிற்கும். கட்டுரையின் தலைப்பு அதுவாகிவிடும்.

இதற்கு நான் பார்த்தவரை பலன் தரும் வழி ஒன்றுதான். எந்தப் பிரிவு வெளியிட்டாலும், ஒரு விளையாட்டாளரின் சொந்த வாழ்க்கையைத் தொடும் எந்த வரியும் அவர் படித்துச் சரி சொல்லாமல் வெளியே போகாது என்று நிர்வாக இயக்குநரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். சேர்ந்த முதல் மாதத்தில் கேட்டால் கிடைக்கும். ஒரு பதக்கம் வந்து எல்லோரும் பரபரப்பாக இருக்கும் வாரத்தில் கேட்டால் கிடைக்காது. இன்னொன்று, போட்டி முடிவுகளைச் சொல்லும் குறிப்பின் அடியில் நன்கொடை இணைப்பை ஒட்டாதீர்கள். வெளிநாட்டு வாசகர் அதைச் சொடுக்கப் போவதில்லை, நிருபருக்கோ முகம் சுளிக்கும்.

அடுத்தது பிரிவு வகைப்பாடு, அதாவது உடற்குறையின் வகையையும் அளவையும் பார்த்து விளையாட்டாளர்களைப் போட்டிப் பிரிவுகளாகப் பிரிப்பது. இதை நீங்கள் கரைத்துக் குடித்தாக வேண்டும். பாரிஸ் பாராலிம்பிக்கில் 22 விளையாட்டுகளில் 549 தங்கங்கள். “ஒரே 50 மீட்டர் மல்லாந்து நீச்சலுக்கு ஏன் இத்தனை தங்கம்?” என்பதுதான் புதிதாக வரும் எந்த நிருபருக்கும் முதல் கேள்வி. நீச்சலில் எஸ்1 முதல் எஸ்10 வரை உடலியக்கக் குறைபாடு. எண் குறையக் குறையப் பாதிப்பு அதிகம். எஸ்11 முதல் எஸ்13 வரை பார்வைக் குறைபாடு. எஸ்14 அறிவுசார் குறைபாடு. நெஞ்சு நீச்சலுக்கு எஸ்பி என்று தனி வரிசை. அதனால்தான் ஒரே வீராங்கனைக்கு இரண்டு வெவ்வேறு எண்கள் இருக்கக்கூடும். அது அச்சுப்பிழை என்று நினைத்து ‘திருத்திவிடும்’ துணையாசிரியர்கள் உண்டு. தடகளத்தில் ஓட்டம், தாண்டுதலுக்கு டி, எறிதலுக்கு எஃப். போச்சியா (இலக்குப் பந்துக்கு எவ்வளவு நெருக்கமாகப் பந்துகளைப் போட முடியும் என்று பார்க்கும் ஆட்டம்) என்றால் பிசி1 முதல் பிசி4 வரை. பாரிசில் ஜெராலின் டான் பிசி1 பிரிவில் வெள்ளி வென்றபோது போச்சியாவில் சிங்கப்பூருக்கு அது முதல் பாராலிம்பிக் பதக்கம். அன்று நம் ஊர்க்காரர்களுக்கே அந்த ஆட்டத்தை விளக்க வேண்டியிருந்தது.

யிப் பின் சியூவுக்குத் தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் நிலை. பெய்ஜிங்கில் எஸ்3 பிரிவில் நீந்தியவர், ரியோவிலிருந்து எஸ்2 பிரிவில் நீந்துகிறார். இது தெரியாத நிருபர் 2008 நேரத்தையும் 2024 நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வேகம் குறைந்துவிட்டதே என்று எழுதிவிடுவார். தெரிந்தவருக்கு இதே தகவல் எப்பேர்ப்பட்ட கட்டுரை! உடல் மாறிக்கொண்டே போகும்போது 16 ஆண்டுகள் உச்சியில் இருக்க ஒருவர் தன் நீச்சலை எத்தனை முறை புதிதாகக் கட்டியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பயிற்றுநரிடம் கேட்டு எழுதக்கூடிய சுத்தமான விளையாட்டுத் தொழில்நுட்பக் கதை அது.

ஒவ்வொரு விளையாட்டாளருக்கும் ஒரே ஒரு பக்கம் தயாராக வையுங்கள். பிரிவு, அந்தப் பிரிவு என்றால் என்ன என்று ஒரு வாக்கியம், சொந்தச் சாதனை, இந்தப் பருவத்தின் சிறந்த நேரம், உலகத் தரவரிசை, முக்கியமான இரண்டு மூன்று எதிராளிகள். எதிராளிகளைப் பெரும்பாலான அமைப்புகள் விட்டுவிடுகின்றன. யாரோடு மோதுகிறார் என்று தெரியாமல் எப்படி ஒரு போட்டியை விறுவிறுப்பாக எழுத முடியும்? பிரிவை விளக்கும்போது எது அசையும், எதை வைத்து உந்துகிறார் என்று இயக்கத்தைச் சொல்லுங்கள். நோயின் பெயர் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. மருத்துவத் தகவல் அவருடைய சொத்து. சிங்கப்பூரில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012 முதல் இருக்கிறது. சம்மதம் எதற்கு, எந்தப் படத்துக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று தெளிவாக வாங்குங்கள். 15 வயதில் பெற்றோர் கையெழுத்திட்ட படிவத்தை 25 வயதுப் பெண்ணின் விஷயத்தில் நீட்டுவது சட்டத்துக்கு ஒத்துவருமோ என்னவோ, மரியாதைக்கு ஒத்துவராது.

அதே பக்கத்தில் பெயரை எப்படி எழுதுவது என்றும் போடுங்கள். யிப் என்பது குடும்பப் பெயர் என்று தெரியாமல் இரண்டாம் முறை ‘சியூ’ என்று எழுதுவார்கள். மலாய்ப் பெயரில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்குவார்கள். தமிழ்ப் பெயரில் முன்னெழுத்தை என்ன செய்வது என்று திண்டாடுவார்கள். உச்சரிப்பை ஒலிப்பதிவாகவே கொடுத்துவிட்டால் வர்ணனையாளர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

பாராலிம்பிக், அறிவுசார் குறைபாடுள்ளோருக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ், காது கேளாதோருக்கான டெஃப்லிம்பிக்ஸ் மூன்றும் வெவ்வேறு இயக்கங்கள் என்பதையும் பொறுமையாக, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். இங்கே 1973 முதல் இயங்கும் சிங்கப்பூர் உடற்குறையுள்ளோர் விளையாட்டு மன்றம் ஒரு அமைப்பு, தேசிய பாராலிம்பிக் மன்றம் வேறு அமைப்பு; யார் எதற்குப் பேசலாம் என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சின்ன வேடிக்கை: ஜெர்மனியின் பான் நகரில் இருக்கும் அனைத்துலகப் பாராலிம்பிக் குழுவுக்கும் ஐபிசி என்றுதான் சுருக்கம், நம் ஊரில் நன்கொடைக்கு வரிக்கழிவு பெற்றுத் தரும் அறநிறுவனத் தகுதிக்கும் ஐபிசி என்றுதான் சுருக்கம். ‘நாங்கள் ஐபிசி தகுதி பெற்ற அமைப்பு’ என்று வெளிநாட்டுக்கு எழுதிவிட்டு அப்புறம் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள்.

யாரை அணுகுவது? சிங்கப்பூரில் ராய்ட்டர்ஸ், புளூம்பெர்க், சிஎன்பிசி, பிபிசி எல்லாவற்றுக்கும் அலுவலகம் இருக்கிறது. பெயர்ப்பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். அங்கே பெரும்பாலோர் சந்தையும் அரசியலும் எழுதுபவர்கள். விளையாட்டுக்கென்று இருப்பவர்கள் சொற்பம். உங்களுக்குத் தேவை ஆசியா முழுவதற்கும் விளையாட்டு எழுதும் செய்தி நிறுவன நிருபர்கள் சிலர், பாரா விளையாட்டைத் தொடர்ந்து எழுதும் தனி எழுத்தாளர்கள் சிலர், அப்புறம் எதிராளி நாடுகளின் ஊடகங்கள். கடைசியில் சொன்னதுதான் அதிகம் பலன் தரும். உங்கள் வீரர் ஜப்பான்காரரோடு இறுதிச்சுற்றில் மோதுகிறார் என்றால் ஜப்பானியப் பத்திரிகைக்கு அவரைப் பற்றித் தகவல் வேண்டும், அவர்களிடம் இருக்காது. கேட்குமுன் அனுப்பிவிடுங்கள்.

தமிழ் தெரிந்தவர் என்பதால் உங்களுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. பாரிசில் பேட்மிண்டனில் மட்டும் தமிழ்நாட்டுப் பெண்கள் மூவர் பதக்கம் வென்றார்கள்: துளசிமதி முருகேசனுக்கு வெள்ளி, மனிஷா ராமதாசுக்கும் நித்யஸ்ரீ சிவனுக்கும் வெண்கலம். இப்படிப்பட்டவர்கள் சிங்கப்பூரில் ஆட வரும்போது சென்னைப் பத்திரிகைகளுக்குத் தமிழிலேயே குறிப்பும் படமும் அனுப்பிப் பாருங்கள். நம் ஊரில் தமிழ் முரசு நாளிதழ், வசந்தம் தொலைக்காட்சி, ஒலி 96.8 வானொலி மூன்றையும் ‘உள்ளூர்’ என்று தள்ளிவைக்காதீர்கள். தமிழ் முரசில் வந்தது மலேசியாவிலும் தமிழ்நாட்டிலும் படிக்கப்படுகிறது.

நேர வித்தியாசத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பாரிசில் மாலை 6 மணிக்கு இறுதிச்சுற்று என்றால் நமக்கு நள்ளிரவு. 2028 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸ் பாராலிம்பிக்கில் அதே மாலை 6 மணி நமக்கு மறுநாள் காலை 9. முன்னதில் நீங்கள் தூங்க மாட்டீர்கள், பின்னதில் உள்ளூர்த் தொலைக்காட்சி உங்களை விடாது. 2026 அக்டோபரில் ஜப்பானின் அய்ச்சி-நகோயாவில் நடக்கும் ஆசியப் பாரா விளையாட்டுகளுக்கு ஒரு மணி நேர வித்தியாசம்தான். பழகிக்கொள்ள நல்ல இடம்.

பேட்டிகள். போட்டி முடிந்து வெளியே வரும் வழியில் நிருபர்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் ஒலிபரப்பு உரிமை வாங்கியவர்கள் முதலில், செய்தி நிறுவனங்கள் அடுத்து, மற்றவர்கள் கடைசியில். இது எல்லா விளையாட்டிலும் உள்ளதுதான். இங்கே கூடுதலாகப் பார்க்க வேண்டியவை வேறு. சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் நின்றுகொண்டே பேட்டி எடுத்தால் படத்தில் அவர் அண்ணாந்து பார்ப்பார். கேமராவைத் தாழ்த்தச் சொல்லுங்கள். பேசச் சிரமப்படுபவர் என்றால் கேள்விகளை முன்கூட்டியே வாங்கி, சந்தடி இல்லாத அறையில், நேரம் கொடுத்து உட்கார வையுங்கள். நிருபர் அவரை விட்டுவிட்டுப் பின்னால் நிற்கும் அம்மாவிடமோ பயிற்றுநரிடமோ கேட்கத் தொடங்குவார். அந்த நொடியில் குறுக்கிட்டு “அவரிடமே கேளுங்கள்” என்று சொல்ல வேண்டியது நீங்கள்தான். சங்கடமாக இருக்கும், பரவாயில்லை. செய்தியாளர் கூட்டம் என்றால் மேடைக்குச் சாய்தளம் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். ‘எல்லா வசதியும் உண்டு’ என்று ஹோட்டல்காரர் தொலைபேசியில் சொல்வது கழிவறையைப் பற்றியதாக இருக்கும்.

எதில் மாட்டிக்கொள்வேன் என்று கேட்டீர்கள். 2021 ஆகஸ்ட் 31, டோக்கியோ. மலேசியாவின் ஸியாட் ஸோல்கெஃப்லி குண்டு எறிதல் எஃப்20 (அறிவுசார் குறைபாடு) பிரிவில் எல்லோரையும் விடத் தூரமாக எறிந்தார். ஆனால் போட்டிக்கு முன் விளையாட்டாளர்கள் கூடும் அறைக்குத் தாமதமாக வந்தார் என்று உக்ரேன் தரப்பு ஆட்சேபம் எழுப்ப, அவர் போட்டியிடவே இல்லை என்று பதிவானது. தங்கம் உக்ரேன் வீரருக்குப் போனது. கொதித்துப்போன ரசிகர்கள் அனைத்துலகப் பாராலிம்பிக் குழுவின் பக்கங்களிலும் உக்ரேன் வீரரின் பக்கத்திலும் வசைமாரி பொழிந்தார்கள். இதே வகை நாள் உங்களுக்கும் வரலாம். அன்று உங்களிடம் எல்லோரும் கேட்பது ஆறுதல் வார்த்தையாக இருக்காது. என்ன விதி, யார் முடிவு செய்தார்கள், மேல்முறையீடு உண்டா, எப்போது தெரியும் என்ற நான்குக்கும்தான் பதில் கேட்பார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் இவை வெளியே வராவிட்டால் அந்த இடத்தை வதந்தி நிரப்பிவிடும். அதனால் போட்டிக்கு முன்பே அணி நிர்வாகியோடு உட்கார்ந்து ஆட்சேப விதிகளைப் படித்துவிடுங்கள்.

பிரிவு பற்றிய சச்சரவு இன்னும் கொடியது. அதே டோக்கியோவில் இந்தியாவின் வட்டு எறி வீரர் ஒருவர் வென்ற வெண்கலம், அவர் அந்தப் பிரிவுக்குத் தகுதியானவர் அல்ல என்று முடிவானதால் ரத்தானது. 2000 சிட்னியில் ஸ்பெயினின் அறிவுசார் குறைபாட்டுக் கூடைப்பந்து அணி தங்கம் வாங்கியது. 12 பேரில் 10 பேருக்குக் குறைபாடே இல்லை என்று பிறகு அம்பலமானது. அம்பலப்படுத்தியவர் அந்த அணிக்குள்ளேயே ஆடிய பத்திரிகையாளர்! அதன் விளைவாக அந்தப் பிரிவு விளையாட்டாளர்களே வெளியேற்றப்பட்டு, 2012 லண்டனில்தான் பதக்கப் போட்டிகளுக்குத் திரும்பினார்கள். தப்பே செய்யாதவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். ஆகவே பிரிவைப் பற்றிய கேள்வி வந்தால் கோபப்படாதீர்கள். அது நியாயமான விளையாட்டுக் கேள்வி. பிரிவை யார் முடிவு செய்தார்கள், எந்த நடைமுறைப்படி என்று சொல்லுங்கள். மருத்துவ அறிக்கையை மட்டும் எடுத்துக் காட்டாதீர்கள், எவ்வளவு நெருக்கினாலும்.

பரிசுத் தொகைக் கேள்வியும் நிச்சயம் வரும். 2016-இல் சிங்கப்பூரில் ஒலிம்பிக் தங்கத்துக்குப் பரிசு 10 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), பாராலிம்பிக் தங்கத்துக்கு 2 லட்சம் வெள்ளி. பாராலிம்பிக் தொகை பிற்பாடு உயர்த்தப்பட்டது, ஆனாலும் வெளிநாட்டு நிருபர் அந்தப் பழைய இடைவெளியை எடுத்துக்கொண்டுதான் வருவார். பரிசுத் திட்டம் உங்கள் அமைப்புடையது அல்ல என்றால் அதைச் சொல்லி, இன்றைய தொகையைச் சரியாகச் சொல்லி நிறுத்துங்கள். விளையாட்டாளருக்கு இதில் கருத்து இருக்கும். அதை அவர் சொல்லட்டும். வாயை அடைக்கப் பார்த்தால் அதுவே அடுத்த செய்தி.

சமூக ஊடகத்தைப் பற்றி நிறையச் சொல்ல மாட்டேன். பாராலிம்பிக்கின் அதிகாரபூர்வ டிக்டாக் பக்கம் நையாண்டியாக வெளியிட்ட காணொளிகளுக்குப் பெரிய எதிர்ப்பும் வந்தது, பெரிய கூட்டமும் வந்தது. அந்தப் பக்கத்தை நடத்தியவர் முன்னாள் பாராலிம்பிக் வீரர். உங்கள் குழுவில் அப்படி ஒருவர் இல்லையென்றால் நையாண்டிப் பக்கமே போகாதீர்கள். பெரிய போட்டிகளில் ஆடுகளக் காணொளி ஒலிபரப்பு உரிமையாளருக்கே சொந்தம். கைப்பேசியில் எடுத்ததைப் போடுமுன் அந்தப் போட்டியின் விதியைப் பாருங்கள்.

வெளிநாட்டு நிருபர் இங்கே வருவதாக இருந்தால், குறுகிய காலப் பயணத்துக்கும் சில சூழல்களில் மனிதவள அமைச்சின் அனுமதி தேவைப்படும். விமானம் ஏறிய பிறகு அல்ல, டிக்கெட் எடுக்கும்போதே ஞாபகப்படுத்துங்கள். 2025 செப்டம்பரில் ஓசிபிசி நீச்சல் நிலையத்தில் உலகப் பாரா நீச்சல் வெற்றியாளர் போட்டி நடந்தது. ஆசியாவிலேயே அதுதான் முதல்முறை. அதற்கு வந்து எழுதியவர்களின் கட்டுரைகளைத் தேடி எடுத்தால் உங்கள் முதல் தொடர்புப் பட்டியல் கிடைத்துவிடும். வேலையில் சேருவதற்கு முந்தைய வாரத்திலேயே இதைச் செய்யலாம்.

சம்பளம். வங்கிகளுக்கு வேலை பார்ப்பதோடு ஒப்பிட்டால் குறையத்தான் செய்யும், பேரம் பேசினாலும் பெரிதாக ஏறாது. அதற்குப் பதிலாக வேறு இரண்டைக் கேளுங்கள். பெரிய போட்டிகளுக்கு அணியோடு நீங்களும் போகப் பயண ஒதுக்கீடு உண்டா? இங்கிருந்தபடியே வாட்ஸ்அப்பில் அனைத்துலக ஊடகத்தைக் கவனிக்கச் சொல்லும் அமைப்புகள் இருக்கின்றன. அது நடக்காத வேலை. அடுத்து, நெருக்கடி நேரத்தில் யாருடைய ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டும், அவர் நள்ளிரவில் தொலைபேசியை எடுப்பாரா? இரண்டுக்கும் பதிலை வேலைக் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால், அடுத்த நிதியாண்டில் பார்ப்போம் என்பார்கள்.